"விளம்பரம்தானே எடுக்கிறார்" என்று சொல்லாதீர்கள்

இயக்குநர் ராஜீவ் மேனன் பெயரை எடுத்தாலே எங்கள் கும்பகோணம் பக்கத்துச் சினிமாப் பிரியர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "நல்லாத்தான் ஆரம்பிச்சாரு, அப்புறம் விளம்பரத்துக்குப் போய் வீணாப் போயிட்டாரு." கணக்கும் கையில் வைத்திருக்கிறார்கள். 1997-ல் மின்சார கனவு, 2000-ல் கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன், அடுத்த படம் 2019-ல் சர்வம் தாளமயம். நடுவில் கிடக்கும் வருடங்களை ஒரு மனிதர் தொலைந்துபோன காலமாகவே பேசுகிறார்கள். உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பரம் எடுத்துக் குடும்பம் நடத்துகிறவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனசு பொறுக்கவில்லை.

அவர் சினிமாவை விட்டு விளம்பரத்துக்குப் போனவரே இல்லை. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்து, விளம்பரத்தில் வளர்ந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். ரோஜாவுக்கு முன்னால் ஜிங்கிள் என்கிற விளம்பரப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மானோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் அந்த உலகத்தில்தான். இயக்குநராவதற்கு முன்பே 1995-ல் பம்பாய் படத்துக்குக் கேமரா பிடித்தார். ஊர் சொல்லும் "காணாமல் போன" காலத்தில் குரு, கடல் என்று பெரிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தார், சென்னையில் மைண்ட்ஸ்கிரீன் என்று ஒரு திரைப்படப் பள்ளி நடத்தினார். இது போக, விடாமல் விளம்பரங்கள். இதில் எந்த வருடம் வீணாய்ப் போனது?

விளம்பரம் என்றால் லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரே ஒரு டபரா டம்ளர் காபியைப் படம் பிடித்துப் பார்க்கட்டும். எங்கள் ஊர் டிகிரி காபிக்கு நுரைதான் அழகு. ஆற்றி வைத்தவுடனே அந்த நுரை அமுங்க ஆரம்பித்துவிடும். ஆவி சாதாரண வெளிச்சத்தில் கேமராவுக்குத் தெரியவே தெரியாது; பின்னால் கறுப்புத் துணி கட்டி, டம்ளருக்குப் பின்பக்கமிருந்து லைட் போட்டால்தான் எழும்பி வரும். சரி, ஆவி வந்துவிட்டது என்று பார்த்தால், துலக்கி வைத்த பித்தளை டபராவில் லைட், கேமரா, நான், கடைக்காரர் எல்லாரும் தெரிவோம். கேமராவை இன்னொரு கறுப்புத் துணிக்குள் மறைத்து, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்டு, மறுபடியும் பால் காய்ச்சி, மறுபடியும் ஆற்ற வேண்டும். திரையில் இது இரண்டு விநாடி வரும். 30 விநாடி விளம்பரத்தில் மொத்தமே 750 ஃப்ரேம். ஒன்றைக்கூட வீணாக்க முடியாது. ஒரு பொருளை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் பார்க்கும் பழக்கத்தைச் சினிமாவில் யார் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தருகிறார்கள்?

சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் பதேர் பாஞ்சாலி எடுத்தார். ரிட்லி ஸ்காட் இங்கிலாந்தில் ரொட்டி விளம்பரம் உட்பட ஏராளமாக எடுத்துத் தேறிய பிறகு, நாற்பதை நெருங்கும் வயதில்தான் 1977-ல் முதல் படம் செய்தார். ஏலியன், பிளேடு ரன்னர் எல்லாம் எடுத்து உலகப்புகழ் வந்த பின்னும் 1984-ல் ஆப்பிள் கணினிக்காக ஒரு நிமிட விளம்பரம் எடுத்தார். அதை இன்றைக்கும் பாடமாக நடத்துகிறார்கள். அவரைப் பார்த்து யாரும் "விளம்பரத்துக்குப் போயிட்டாரே" என்று உச்சுக்கொட்டவில்லை.

இந்திப் பட இயக்குநர் ஷியாம் பெனகலை நம் டெல்டாக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பர நிறுவனத்தில் விளம்பர வாசகம் எழுதுகிறவராகச் சேர்ந்து, நூற்றுக்கணக்கில் விளம்பரப் படங்களும் ஆவணப்படங்களும் எடுத்து, 1974-ல்தான் அங்கூர் என்ற முதல் முழுநீளப் படத்துக்கு வந்தார். இரண்டே வருடத்தில் பால் கூட்டுறவைப் பற்றிய மந்தன். குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் ஐந்து லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு அந்தப் படத்தைத் தயாரித்தார்கள். ஊர் ஊராகச் சுற்றி விளம்பரமும் ஆவணப்படமும் எடுத்த மனிதருக்குத்தான் கறவை மாட்டுக்காரர் பேச்சு காதில் விழுந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

ராஜீவ் மேனனின் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில் சர்வம் தாளமயத்துக்கான கரு கிடைத்தது. உமையாள்புரம் எங்கிருக்கிறது? இதோ, கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து தஞ்சாவூர் மண்ணின் ஆள். வித்வான்கள் பெயரைச் சொல்லி நூறு வருடமாகப் பெருமைப்படுகிற டெல்டா, அந்த வாத்தியத்தைச் செய்த குடும்பங்களின் பெயரை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறது? அந்தப் படம் மிருதங்கம் செய்கிறவரின் மகனைக் கதாநாயகனாக வைத்தது. தோலைத் தொடுகிற கைக்கு ஒரு இடம், அதை வாசிக்கிற கைக்கு ஒரு இடம் என்று பிரித்து வைத்திருக்கும் சாதியைப் பேசியது.

ஒரு பட்டறையில் மிருதங்கம் செய்கிறவர் வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத் தோலுக்கு, கறுப்பு வைப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வடித்த சோற்றையும் கல்பொடியையும் சேர்த்துப் பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்து நடுவில் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார். அது காய்ந்ததும் இன்னொரு சிட்டிகை. அவ்வப்போது விரலால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். இந்த வேலையைப் படமாக்க, பொருளின் மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பல வருடம் பார்த்துப் பழகிய கண் வேண்டும். படத்தின் கடைசிப் பகுதி டிவி போட்டிக்குள் போனதில் எனக்கு நிறைவில்லை. ஆனாலும் இந்தக் கதைக்காக அவர் இத்தனை வருடம் காத்திருக்க முடிந்ததற்கு, விளம்பரம் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பிடிக்காத படத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லாத இயக்குநர்கள் தமிழில் எத்தனை பேர்?

விளம்பர உலகத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு, அதையும் சொல்கிறேன். குறுவை நடவு நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. ஏற்பாடுகளுக்கு நான் உடன் இருந்தேன். வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்களை, புடவைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதற்காக வரப்பில் ஏறி நிற்கச் சொன்னார்கள். சேற்றில் கால் வைத்தறியாத ஒருவருக்குச் சலவை வேட்டி கட்டிவிட்டு, கையில் நாற்று முடியைக் கொடுத்துச் சிரிக்க வைத்தார்கள். டெல்டாவில் நெல்லை நடுகிற கை யாருடையது என்று அந்த விளம்பரத்தைப் பார்க்கிற யாருக்கும் தெரியாது. இது விளம்பரம் என்ற தொழிலின் தலையெழுத்து என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எடுக்கிறவர் எதைப் பார்க்க மறுக்கிறார் என்பதுதான் அங்கே நடந்தது. பாட்டுக் காட்சிக்குப் பச்சை வயல் தேடி வரும் சினிமாக்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

மன்னார்குடியிலிருந்தும் நன்னிலத்திலிருந்தும் வடபழனிக்குப் பஸ் ஏறும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உதவி இயக்குநர் வாய்ப்புக்காக வருடக்கணக்கில் அறை வாடகைக்குக் கடன் வாங்காதீர்கள். திருபுவனத்தில் பட்டு நெய்கிறார்கள். தறி ஓடும்போது ஜரிகையில் வெளிச்சம் எந்தக் கோணத்தில் பளிச்சிடுகிறது, எந்தக் கோணத்தில் செத்துப்போகிறது என்று பார்த்து வையுங்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். போய் உட்காருங்கள். அந்தக் கடைகளுக்கு விளம்பரம் எடுங்கள். கடைக்காரர் ஃபோன் நம்பரைப் பெரிதாகப் போடச் சொல்வார், போடுங்கள். மிச்ச விநாடிகள் உங்களுடையவை. அதில் தறிக்காரர் முகத்தையும் வார்ப்பவர் கையையும் காட்டுங்கள், பெயரையும் கேட்டு எழுதுங்கள்.

தீபாவளி விளம்பரங்களுக்குக் கடைகள் இப்போதே ஆள் தேடுகின்றன. முதல் விளம்பரம் எடுக்கிற தம்பி, தங்கச்சி யாராக இருந்தாலும் என்னிடம் இருக்கும் லைட்டையும் கறுப்புத் துணியையும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை வேண்டாம்.