இரவு டூட்டிக்கு யார் இருப்பார்கள்?

கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த மிஷன் மருத்துவமனை அடிக்கல் நாட்டு விழாவின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதிய இரண்டு வரிகளையும் அதற்கு வந்த பதில்களையும் பலர் எனக்கே படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஆகவே விழாவை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. மலையடிவாரத்துக் கிராமத்தில் நூறு படுக்கைகளோடு மிஷன் மருத்துவமனை எழும்பப் போகிறது என்று அறிவித்தார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: இரவு டூட்டிக்கு யார் இருப்பார்கள், அவர்கள் எங்கே தங்குவார்கள்? மேடையில் வைத்திருந்த வரைபடத்தில் சிற்றாலயம் இருந்தது, விருந்தினர் இல்லம் இருந்தது, வாகனம் நிறுத்த இடம் இருந்தது. நர்சுகளுக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை.

இதற்காக ஒரு சகோதரர் என்னைச் சன்பல்லாத்து என்று எழுதினார். எருசலேமின் அலங்கத்தை, அதாவது நகர மதிலைக் கட்டிய நெகேமியாவைப் பரிகாசம் செய்தவனுடைய பெயர் அது. முப்பத்து நான்கு ஆண்டுகள் மிஷன் ஆஸ்பத்திரிகளில் நர்சாக வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பெயர் வலித்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்தச் சகோதரர் அதே அதிகாரத்தைக் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அலங்கம் பாதி எழும்பி நின்ற நாட்களில் நெகேமியா இரவும் பகலும் காவல் வைத்தான். ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்காரரோடு இரவில் நகரத்துக்குள்ளேயே தங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். இரவில் உள்ளே யார் தங்குவது என்று கவலைப்பட்டவன் நெகேமியாதான்.

விழாவில் பேசியவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உதாரணம் காட்டினார். நானும் வேலூரைத்தான் காட்டுகிறேன். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கக் காரணமான திண்டிவனத்து இரவை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள். ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், இன்னொரு இந்துக் குடும்பத்தவர் என மூன்று பேர் ஒரே இரவில் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி அந்த இளம் பெண்ணை அழைத்தார்கள். அவளுடைய தகப்பனார் மருத்துவர், வீட்டில்தான் இருந்தார். ஆனால் ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அங்கே மருந்தும் மருத்துவரும் இருந்தும், அந்த நேரத்தில் அந்த வீட்டுக்குள் போகக்கூடிய ஆள் இல்லை. இதை நாம் கண்ணீர்க் கதையாக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். ஐடா அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்பதில்லை.

உடனே ஒருவர் எழுதுவார், எனக்குத் தெரியும்: ஐடாவுக்கும் கட்டடப் பணம்தானே முதலில் வந்தது? உண்மைதான். 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வரும்போது, நியூயார்க்கில் ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் அவர் கையில் இருந்தது. ஆனால் 1902-இல் ஷெல் மருத்துவமனை திறக்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. தகப்பனாரின் பங்களாவில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கி, இரண்டு ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகள் வரை பார்த்தார். மருத்துவமனை வந்த பிறகும் அடுத்து அவர் செய்தது இன்னொரு மாடி எழுப்புவது அல்ல. 1909-இல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்த அந்த அம்மையாருக்கு, தான் ஒருத்தி எத்தனை மரத்தடிக்குப் போனாலும் போதாது என்று தெரிந்திருந்தது. ஆளை உருவாக்கினார். அதனால்தான் வேலூர் நிற்கிறது.

அவருக்கும் வெகு காலம் முன்பே இதைக் கண்டுகொண்டவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த சாமுவேல் கிறீன். 1847-இல் இலங்கைக்கு வந்த அந்த அமெரிக்க மருத்துவர், ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்கும் வெளியூருக்கும் போய்விடுகிறார்கள் என்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்காகத் தாமே தமிழ் கற்று, உடற்கூறு முதல் அறுவை மருத்துவம் வரை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றார்கள். மொழியைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட, ஊரில் தங்குபவன் யார் என்பதையே அவர் பார்த்தார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டு மழைக்காலம். நாற்பது படுக்கைகள் கொண்ட கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் அம்மா கூட்டத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார்கள். இரவு பன்னிரண்டரை மணிக்கு, கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டிலேயே குழந்தை பிறந்து மூன்று மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. கட்டிலின் கயிறு முழுக்க இரத்தம். டூட்டியில் நானும் ஓர் ஆயாம்மாவும் மட்டும்தான். ஆயாம்மா வாசலில் நின்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு, காம்பவுண்டுக்குள் குடியிருந்த லேப் அண்ணன் லுங்கியோடு ஓடிவந்தார், அடுத்த வீட்டு சீனியர் சிஸ்டர் வந்தார், ஜீப் டிரைவர் வந்தார், சமையல்கார அண்ணன் வந்தார். சிறுநீரை வெளியேற்றி, டிரிப் ஏற்றி, சீனியர் சிஸ்டர் நஞ்சுக்கொடியை எடுத்தார். பிறகு இரத்தப்போக்கை நிறுத்தும் மெதர்ஜின் ஊசி போட்டுவிட்டு, கர்ப்பப்பை இறுகும்வரை அடிவயிற்றை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். லேப் அண்ணன் இரத்த வகை பார்த்தார். டிரைவரின் இரத்தமும் சமையல்காரரின் இரத்தமும் சேர்ந்தன. விடியும்போது அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள்.

அந்த இரவில் அவளைக் காப்பாற்றியது என் திறமை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நான்கு பேர் குடியிருந்தார்கள். ஓட்டு வீடுதான், மழை பெய்தால் ஒழுகும், ஆனாலும் குடியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குவார்ட்டர்ஸை இடித்தார்கள். ஊழியர்கள் நகரத்திலிருந்து பேருந்தில் வந்துபோகத் தொடங்கினார்கள். கடைசிப் பேருந்து மாலை ஆறரைக்கு. முதலில் இரவுப் பிரசவம் நின்றது, பிறகு சிசேரியன் நின்றது, பிறகு மக்களே வருவதை நிறுத்திவிட்டார்கள். கட்டடம் இன்னும் உறுதியாக இருக்கிறது. சென்ற ஆண்டு போனபோது பிரசவ வார்டில் பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த நாற்காலிகள்தான் கண்முன் வந்தன.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன். இப்போது 108 இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, மிஷன் ஆஸ்பத்திரியே எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 108 எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வண்டி அந்தப் பெண்ணை எங்காவது கொண்டுபோய் இறக்க வேண்டுமல்லவா? இறக்கும் இடத்தில் விழித்திருப்பவர் வேண்டும். மதம் மாற்றத்தானே வந்தீர்கள் என்பவர்களுக்கு: அந்தக் கட்டிலைத் தூக்கி வந்த நான்கு பேரிடமும் நாங்கள் கேட்டது இரத்த வகையை மட்டும்தான்.

ஆனால் என்னை மிகவும் தாக்கியது, பணம் கொடுக்காதவர்கள் குறை மட்டும் சொல்ல வருகிறார்கள் என்ற பதில். அதற்கு நூற்றுக்கணக்கானோர் விருப்பக்குறி போட்டிருந்தார்கள். நாங்கள் எதைக் கொடுத்தோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? என் மகன் ஐந்து வயதுவரை வாரத்துக்கு மூன்று இரவு அம்மா இல்லாமல் தூங்கினான். என்னோடு படித்தவர்கள் வளைகுடாவுக்கும் லண்டனுக்கும் போனார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் குடும்பத்துக்காகத்தான் போனார்கள். நாங்கள் சிலர் தங்கினோம். இன்னொருவர், இவர் நர்சுதானே, திட்டமிடுவதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதினார். ஐடா நர்சுகளுக்குப் பள்ளி தொடங்கியது மருத்துவப் பள்ளிக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு என்பதை அவருக்கு நினைவூட்ட விரும்புகிறேன். மருந்து எத்தனை மணிக்குத் தீர்கிறது, ஜெனரேட்டரின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் இரவில் வார்டில் நிற்பவளுக்குத்தான் தெரியும்.

படிக்காதவர்கள் நிறைந்த ஊரில் ஆளை எங்கே தேடுவது என்றும் கேட்டார்கள். மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடைப் பாருங்கள். வேலூரில் படித்த ரஜனிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் 1970-இல் அந்த வறண்ட ஊருக்குப் போய், கிராமங்கள் தாங்களே தேர்ந்தெடுத்த பெண்களை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சேர்த்து, சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அந்தப் பெண்கள் ஊரைவிட்டு எங்கும் போகப் போவதில்லை, ஏனென்றால் அது அவர்களுடைய ஊர். நம் மலையடிவாரத்திலும் பத்தாவது படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடையில் பதினாறு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தியாவது முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாளா?

நம் சபைகள் சிபாரிசுக் கடிதம் கொடுத்துப் பிள்ளைகளை வேலூருக்குப் படிக்க அனுப்புகின்றன. படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் மிஷன் ஆஸ்பத்திரியில் சேவை செய்ய வேண்டும். அப்படி வந்த இளம் டாக்டர்கள் பலரை எனக்குத் தெரியும், நல்ல பிள்ளைகள், ஓடியாடி வேலை செய்தவர்கள். ஆனால் கதவு பூட்டாத அறையையும், வராத தண்ணீரையும், மூன்று மாதம் பாக்கியான சம்பளத்தையும் கொடுத்துவிட்டு, அவர்கள் மூன்றாம் ஆண்டு தங்கவில்லை என்று பிரசங்கம் செய்தால், அது யாருடைய விசுவாசக் குறைவு?

அந்த ஆஸ்பத்திரி வர வேண்டும் என்றுதான் நானும் ஜெபிக்கிறேன். அந்த மலைக்கு அது தேவை, பிரசவத்துக்கு இறங்கிவரும் பாதையை நான் நடந்து பார்த்திருக்கிறேன். குழுவில் இருக்கிறவர்கள் இதை வாசித்தால், என் வேண்டுகோள் ஒன்றுதான். முதல் தவணைப் பணத்தில் விருந்தினர் இல்லத்துக்கு முன்பாக, தண்ணீரும் கழிப்பறையும் உள்தாழ்ப்பாளும் உள்ள நான்கு அறைகளை நர்சுகளுக்காகக் கட்டுங்கள். நான்கில் ஒன்று தயாரானவுடன் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எனக்கு அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் இரவில் விழித்திருக்க முடியும். சம்பளம் வேண்டாம். அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் நால்வரை என்னோடு விடுங்கள், ஓராண்டு நான் அங்கே தங்குகிறேன்.