சீகை மரக் கரியைத் தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் கரண்டா?

"சீகைக் கரியில் நுண்துளை உண்டு, உப்புத் தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் கரண்ட் வரும், பிளாட்டினமே வேண்டாம்" என்று கோத்தகிரிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. தவறு.

வீடியோவில் நாலு டம்ளர், கரித்துண்டு, அலுமினியத் தாள். குட்டி எல்.இ.டி. எரிகிறது, ஏமாற்று இல்லை. ஆனால் அங்கே கரைந்து தீர்வது அலுமினியம். அது அலுமினியம்-காற்று பேட்டரி, பள்ளிக்கூடப் பரிசோதனைதான். ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள், தாள் ஓட்டை ஓட்டையாகியிருக்கும்.

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்துக் கரண்ட் தருவது ஹைட்ரஜன் எரிபொருள் கலம். அதிலும் துளையுள்ள கார்பன் உண்டு, அடுப்புக்கரி அல்ல. பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற செயற்கை இழையை 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் கரியாக்கி, தாளாக்குகிறார்கள். தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். அதன் துளை வழியே வாயு உள்ளே போகணும், உண்டாகும் தண்ணீர் வெளியே வரணும், கரண்டும் பாயணும். தண்ணீர் தேங்கினால் காற்று போக வழியில்லாமல் மின்னழுத்தம் சரியும். இதனால்தான் துளையமைப்பைச் செம்மைப்படுத்தினால் கலத்தின் திறன் கூடுகிறது. ஹைட்ரஜன் மூலக்கூறைப் பிரிப்பது வழக்கமாகப் பிளாட்டினம். கார்பன் அதைத் தாங்கும், அவ்வளவே.

தண்ணீரோ அங்கே கழிவு, எரிபொருள் இல்லை. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கவே சுமார் 50 யூனிட் வேண்டும். கலம் திருப்பித் தருவது அதில் பாதிகூட இல்லை.