அழாத குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டலாமா?

“பிறந்த குழந்தை அழவில்லையா? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் ஓங்கித் தட்டுங்கள், மூச்சு வந்துவிடும்” என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு. ஆபத்தும்கூட. தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கருப்பையில் இருக்கும்வரை நுரையீரலில் திரவம்தான் நிறைந்திருக்கும். பிறந்ததும் குழந்தை இழுக்கும் முதல் மூச்சுகள் அதை உள்ளே தள்ளி, உடலே உறிஞ்சிக்கொள்ளச் செய்கின்றன. தலைகீழாகப் பிடித்து வடித்துவிட முடியாது. அடித்தால் காயம்தான் மிஞ்சும், பிடி வழுக்கினால் இன்னும் மோசம்.

பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே மூச்சுவிடும். சில குழந்தைகளுக்குத் துணியால் துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகை மெதுவாகத் தேய்த்தால் போதும். அப்போதும் மூச்சு வரவில்லை என்றால், முகமூடியும் அதோடு இணைந்த, கையால் அழுத்தும் காற்றுப் பையும் வைத்து நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். பிறந்த 60 விநாடிக்குள் இதைத் தொடங்க வேண்டும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. உயிரைக் காப்பது இதுதான். தட்டிக்கொண்டே நின்றால் அந்த ஒரு நிமிடம் வீணாகிவிடும்.

சரி, முழு ஆக்சிஜன் கொடுப்பதுதானே நல்லது? நிறைமாதக் குழந்தைக்குத் தொடக்கத்தில் 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றே பரிந்துரைக்கப்படுகிறது. நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தைத் தொடச் சில நிமிடங்கள் ஆகும். அதனால் முதல் நிமிடத்தில் உடல் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தால் பதற வேண்டாம். மூச்சும் இதயத் துடிப்பும் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் மருத்துவக் குழு பார்க்கும்.