“புதுத் தடம் வேண்டும்” என்று தீர்மானம் போடாதீர்கள்

வட்டாரப் பிரதிநிதிகள், குடியிருப்போர் சங்கத்தார், வணிகர்கள், பள்ளி நிர்வாகிகள், போக்குவரத்து அதிகாரிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஊர் வளர்ச்சியைப் பேசும் கூட்டங்களின் தீர்மானங்களை வரிசையாக எடுத்துப் படித்துப் பாருங்கள். “புதுப் பேருந்துத் தடம் வேண்டும்.” “கழிவுநீர் வசதியை மேம்படுத்த வேண்டும்.” “சீரான வளர்ச்சிக்கு ஆவன செய்ய வேண்டும்.” எல்லாமே வேண்டும்தான். எத்தனை, எப்போதிலிருந்து, யார் செய்வது, எந்தக் கணக்கிலிருந்து பணம் என்று எதுவும் இருக்காது. இப்படி எழுதிய தீர்மானத்தை நிறைவேற்றவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதனால்தான் எந்தத் துறையும் அதை எதிர்ப்பதில்லை.

பேருந்திலிருந்து தொடங்குகிறேன். கணக்கு சுலபம், ஏமாறுவதும் அங்கேதான் அதிகம்.

ஒரு தடம் 12 கிலோமீட்டர் என்று வையுங்கள். நெரிசலும் நிறுத்தங்களும் சேர்ந்து சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். ஒரு பக்கம் போக 45 நிமிடம், போய்வர 90. இரண்டு முனையிலும் ஓட்டுநர் இறங்கித் தண்ணீர் குடிக்கவும், வழியில் விழுந்த தாமதத்தைச் சரிக்கட்டவும் மொத்தம் 15 நிமிடம். ஆக ஒரு சுற்று 105 நிமிடம். கால்மணிக்கு ஒரு பஸ் வேண்டுமா? 105-ஐ 15-ஆல் வகுத்தால் 7 பஸ். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் பத்தரை. அரை பஸ் கிடையாது, ஆகவே 11. அரைமணிக்கு ஒன்று போதும் என்றால் மூன்றரை, அதாவது 4. இதற்கு மேல் பணிமனையில் பழுதுக்கும் பராமரிப்புக்கும் நிற்கும் வண்டிகளுக்குப் பதிலாக நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை உதிரி வண்டி வேண்டும். 7 ஓடினால் 8 வாங்க வேண்டும்.

வண்டியோடு முடிந்ததா? நாளைக்கு 16 மணி நேரம், வாரத்துக்கு 7 நாள் ஓடும் ஒரு பஸ்ஸுக்கு வாரம் 112 மணி நேர ஓட்டம். வாரம் 48 மணி நேர வேலை என்று வைத்தாலும், பணிமனையில் கையெழுத்து, வண்டிச் சோதனை, இடைவேளை, விடுப்பு எல்லாம் போக ஒரு ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் உட்காருவது சராசரியாக 38 மணி நேரம் அளவுக்குத்தான். எனவே ஒரு பஸ்ஸுக்கு மூன்று ஓட்டுநர். “கால்மணிக்கு ஒரு பஸ்” என்ற மூன்று சொல்லுக்குப் பின்னால் 8 வண்டியும் 21 ஓட்டுநர்களும் நிற்கிறார்கள். வண்டிக்கு யாராவது மானியம் தருவார்கள், கொடியசைத்துப் படமும் எடுத்துக்கொள்வார்கள். 21 பேர் சம்பளத்துக்கு அந்த மானியம் வராது. அது வருடாவருடம் நடப்புச் செலவில் நிற்கும். புதுப் பஸ்கள் ஆள் இல்லாமல் பணிமனையில் தூசி படிந்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கணக்கு மேசைமேல் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வழக்கமான உதாரணம். “போகிற பஸ் எங்கள் குடியிருப்புக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகட்டுமே, நாலு நிமிடம்தானே” என்று ஒருவர் எழுந்து கேட்பார். நியாயமாகத்தான் தோன்றும். போக நாலு, வர நாலு, சுற்று 113 நிமிடமாகும். கால்மணி இடைவெளி காக்க இப்போது 8 பஸ் ஓட வேண்டும். நாலு நிமிடத்தின் விலை ஒரு முழுப் பஸ், மூன்று ஓட்டுநர். அந்தப் பணம் இல்லையென்றால் நிர்வாகம் செய்வது இன்னும் மோசம்: முனையில் இருந்த 15 நிமிட ஓய்வை 7 ஆக்கிவிடும். காலையில் ஒரு தடவை தாமதமான வண்டி அதற்குப் பிறகு இரவு வரை மீளாது. தாமதமான வண்டிக்கு நிறுத்தத்தில் கூட்டம் அதிகம் சேரும், ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டி காலியாக வந்து அதைப் பிடித்துவிடும். அரைமணி காத்திருந்தபின் இரண்டு பஸ் சேர்ந்தாற்போல் வருவதற்கு ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. அது கால அட்டவணையில் முன்பே எழுதப்பட்ட விபத்து.

உள்ளே இருப்பவர்களையும் எண்ணுங்கள். வண்டியில் 40 பேர் ஆளுக்கு நாலு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்திருக்க, 5 பேர் எட்டு நிமிட நடையை மிச்சம்பிடிக்கிறார்கள். லாபம் 40 நிமிடம், நஷ்டம் 160. அந்த ஐந்து பேரில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் நான் வேறு பக்கம் சாய்வேன். ஆனால் அதைத் தெரிந்து, விலையைச் சொல்லி, கூட்டம் முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவுதான் தலைவர்கள் செய்ய வேண்டிய வேலை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பேருந்து வலை முழுவதையும் ஒரே இரவில் மாற்றியது. அதற்கு முன்பே வாரியத்தின் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: ஓட்டத்தில் எவ்வளவு பங்கு, நிறையப் பேர் ஏறக்கூடிய இடங்களுக்கு, எவ்வளவு பங்கு, ஆள் குறைவானாலும் ஒதுக்கக்கூடாத மூலைகளுக்கு? ஏறத்தாழ 80-க்கு 20 என்று முடிவானது. தடங்களை வரைவது அதன்பிறகு திட்டமிடுபவர்கள் வேலை. நம் கூட்டங்களில் இது தலைகீழ். தலைவர்கள் பென்சிலை எடுத்துத் தடம் வரைகிறார்கள், கொள்கையை அட்டவணை போடும் எழுத்தரிடம் விட்டுவிடுகிறார்கள்.

புதிதாக ஒரு வண்டியும் வாங்காமல் நேரம் சேர்க்கும் வழி ஒன்று உண்டு, யாரும் கைதட்ட மாட்டார்கள். அதே 12 கிலோமீட்டரில் 250 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால் 48. 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 30. வேகம் குறைத்து, கதவு திறந்து மூடி, மறுபடி சாலைக்குள் நுழைய நிறுத்தத்துக்கு 25 வினாடியாவது போகும். 18 நிறுத்தம் குறைந்தால் ஒரு பக்கத்துக்கு ஏழரை நிமிடம். எல்லா நிறுத்தத்திலும் எல்லா நேரமும் வண்டி நிற்காது என்பதால் பாதியைக் கழித்துவிடுங்கள். அப்படியும் சுற்றுக்கு ஏழரை நிமிடம் மிஞ்சுகிறது. மேலே கேட்ட எட்டு நிமிடச் சுற்றுக்கு ஏறக்குறைய விலை கிடைத்துவிட்டது. மருத்துவமனை வாசல், முதியோர் அதிகமுள்ள தெரு போன்றவற்றைத் தொடக்கூடாது. மற்றவற்றில், தன் வீட்டு வாசல் நிறுத்தத்தை விட்டுக்கொடுக்க யார் தயார் என்று கேட்கும் துணிச்சல் கூட்டத்தில் ஒருவருக்காவது வேண்டும்.

மிச்சமாகும் நிறுத்தங்களைச் சரியாக அமையுங்கள். சிக்னலுக்கு முன்னால் நிறுத்தம் இருந்தால், ஆளேற்றி முடிக்கும்போது சிவப்பு விழும்; சிக்னலைத் தாண்டி வைப்பது பெரும்பாலான இடங்களில் நல்லது. சாய்தளம் 1-க்கு 12 சரிவு, அதாவது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம். நிழற்குடையின் தூணை அந்த ஒன்றரை மீட்டரின் நடுவில் நட்டுவிட்டு “மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது” என்று பலகை வைப்பவர்களை என்ன சொல்ல.

இனி வளர்ச்சி. கூட்டத்தில் இதற்குத் தனி அமர்வு வைப்பார்கள், போக்குவரத்துக்கு வேறு அமர்வு. என் மறுப்பே அங்கேதான். ஆயிரம் வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும் நிமிடத்திலேயே பஸ், சாக்கடை, பள்ளி எல்லாவற்றுக்கும் முடிவெடுத்தாயிற்று. பிறகு நடப்பது விளைவுகளைப் பேசும் அமர்வுகள்.

வீட்டுக்கு 4 பேர், ஆக 4,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் தண்ணீர் என்றால் 4,80,000 லிட்டர். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சாக்கடைக்குத் திரும்பும்: 3,84,000 லிட்டர், சராசரியாக வினாடிக்கு நாலரை லிட்டர். ஆனால் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். உச்சம் சராசரியைப் போல மூன்று மடங்கு என்று வைத்தால் வினாடிக்குச் சுமார் 13 லிட்டர். தெருவில் ஏற்கெனவே கிடக்கும் 150 மில்லிமீட்டர் குழாய், வினாடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் முழுக்க நிரம்பி ஓடினாலே 14 லிட்டர்தான். பாதாள சாக்கடைக் குழாயை முழுக்க நிரப்பி ஓட்டக்கூடாது, மேலே காற்றுக்கு இடம் வேண்டும். பழைய வீடுகளின் கழிவு வேறு அதில் வருகிறது. ஆக முதல் மழைக்காலத்தில் எந்த மேன்ஹோல் பொங்கும் என்பதை அனுமதி நாளிலேயே வரைபடத்தில் குறித்துவிடலாம். பொங்குவது பெரும்பாலும் புதுக் குடியிருப்பில் அல்ல, அதற்குக் கீழே தாழ்வான தெருவில். அந்தத் தெருக்காரர்கள் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள்.

சாலைக்கும் இதே கணக்கு. சிக்னலில் சாலையின் ஒரு லேனுக்கு (ஒற்றை வண்டி வரிசைக்கு) பச்சை தொடர்ந்து எரிந்தால் மணிக்கு 1,800 கார் போகலாம்; பாதி நேரம்தான் பச்சை என்றால் 900. காலை உச்ச நேரத்தில் 1,000 பேர் காரில், வண்டிக்குச் சராசரி 1.2 பேராகக் கிளம்பினால் 830 கார். ஒரு லேன் அவர்களுக்கே போயிற்று. அதே 1,000 பேர் 60 பேர் கொள்ளும் பஸ்களில் போனால் 17 பஸ்.

பஸ் எப்போது வர வேண்டும் என்பதிலும் தவறு நடக்கிறது. “ஆள் நிறையட்டும், பார்க்கலாம்” என்பார்கள். குடிவந்த முதல் சில மாதங்களில்தான் மனிதர்கள் எப்படிப் போவது என்று பழகிக்கொள்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பஸ் வரும்போது வீட்டுக்கு வீடு வண்டி வாங்கித் தவணை கட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் சாவி கொடுக்கும் நாளில் பஸ் ஓட வேண்டும், காலியாக ஓடினாலும். அந்தக் காலி மாதங்களின் செலவை யார் ஏற்பது என்பதை அனுமதி நிபந்தனையிலேயே எழுதலாம். பிறகு கேட்டால் கட்டியவர் கிடைக்க மாட்டார்.

மனைப்பிரிவு வரைபடத்தையும் உற்றுப் பாருங்கள். ஒரே வாசல், உள்ளே முட்டுச்சந்துகள், சுற்றி மதில். நிறுத்தத்தைச் சுற்றி 400 மீட்டர் வட்டம் போட்டு “ஐந்து நிமிட நடைக்குள் பேருந்து வசதி” என்று காட்டுவார்கள். வட்டம் மதிலை ஏறிக் குதிக்கும், மனிதன் வாசல் வழியாகச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடப்பான். மதிலில் ஒரு ஆள் போகிற அளவுக்குத் திறப்பு விடுவது, புதுத் தடம் விடுவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. குடியிருப்பும் போக்குவரத்தும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதைப் பெரிய அளவில் திட்டமாகவே செய்த ஊர்கள் உண்டு. கோபன்ஹேகன் 1947-லேயே கைவிரல்கள் போல ரயில் பாதைகளை ஒட்டி ஊர் வளரட்டும் என்று திட்டம் வரைந்தது. பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் பேருந்துக்குத் தனிப்பாதை திறந்தது, உயரமான கட்டடங்களை அந்தப் பாதைகளை ஒட்டியே அனுமதித்தது.

இலவச நிலத்தில் எச்சரிக்கை தேவை. ஊர் எல்லையில் யாரோ தானமாகக் கொடுத்தார்கள் என்று பள்ளியையும் சுகாதார மையத்தையும் அங்கே கொண்டுபோய்க் கட்டுவார்கள். அடுத்த முப்பது வருடம் அந்த மூலைக்கு வண்டி திருப்பிவிடும் செலவை யாரும் கூட்டுவதில்லை.

சாலையைப் போட்டபின் தோண்டும் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். ஆழத்தில் கிடப்பது முதலில்: பாதாள சாக்கடை, பிறகு அதற்கு மேல்மட்டத்தில் தள்ளி குடிநீர்க் குழாய், பிறகு கேபிள், கடைசியில் தார். பள்ளத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே தார் ஊற்றினால் ஒரே மழையில் நீளவாக்கில் உட்காரும். எல்லாத் துறையின் ஓராண்டுத் தோண்டல் பட்டியலையும் ஒரே தாளில் கேட்டு வாங்குவது கூட்டத்தால் முடியும்.

கூட்டத்தை எப்படி நடத்துவது? அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். நம் கூட்டங்களில் பெரும்பாலானவை மூன்றாம் நான்காம் படியில், தகவல் சொல்வதிலும் கருத்துக் கேட்பதிலும், நின்றுவிடுகின்றன. மேலே ஏற வேண்டுமானால் முடிவு செய்யும் அளவுகோலைக் கூட்டத்திடம் கொடுக்க வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே 1989-இல் தொடங்கிய மக்கள் பட்ஜெட்டில் ஒரு வட்டாரத்துக்கு எவ்வளவு என்பதை மக்கள்தொகை, இல்லாத வசதியின் அளவு, மக்களே தந்த முன்னுரிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கணக்கிட்டார்கள். குரல் பெரியவருக்குச் சாலை என்ற நிலை அதில் எடுபடாது.

தாள்கள் ஏழு நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். 1:5,000 அளவில் ஒரே வரைபடம். 400 மீட்டர் அதில் 8 சென்டிமீட்டர், ஸ்கேலால் அளக்கலாம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் காலை 7 முதல் 9 வரை நிறுத்தங்களில் ஆள் நிறுத்தி, பஸ் வந்த நேரம், காத்திருந்தவர்கள், ஏற முடியாமல் நின்றுவிட்டவர்கள் மூன்றையும் குறித்து வாருங்கள். திங்களும் வெள்ளியும் கணக்கைக் குழப்பும். “பஸ்ஸே வருவதில்லை” என்ற பேச்சை அதிகாரி தலையாட்டிக் கேட்டுவிட்டுப் போய்விடுவார், அந்தத் தாளை அப்படி ஒதுக்க முடியாது. அழைப்புப் பட்டியலில் அந்தத் தடத்தின் ஓட்டுநர் ஒருவர், மேன்ஹோல் திறக்கும் பணியாளர் ஒருவர், இரவு ஷிப்ட் செவிலியர் ஒருவர் கட்டாயம். மாலை 6 மணிக்கே எப்போதும் கூட்டம் வைத்தால் இவர்கள் மூவரும் வர மாட்டார்கள், நேரத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

தீர்மானம் இப்படி இருக்கட்டும்: “இந்தத் தடத்தில் வார நாட்களில் காலை 6 முதல் இரவு 10 வரை கால்மணிக்கு ஒரு பேருந்து. ஓட்டத்தில் 7, உதிரி 1, ஓட்டுநர் 21. இதற்காக 18 நிறுத்தங்கள் இணைக்கப்படும், பட்டியல் இணைப்பில். நடப்புச் செலவு இன்ன கணக்கிலிருந்து. பொறுப்பு இன்ன பதவி. தொடக்க நாள் இது.” வார இறுதி ஓட்டம் குறைவென்றால் ஓட்டுநர் எண்ணிக்கையும் குறையும், அதையும் அங்கேயே திருத்துங்கள். வேலை, பொறுப்பு, நாள், பணம், தடை என்று ஐந்து கட்டங்கள் போட்ட ஒரு தாள் போதும். அடுத்த கூட்டத்தில் வரவேற்புரைக்கு முன்பே அந்தத் தாளை வாசியுங்கள். பணம் என்ற கட்டம் காலியாக இருக்கும் வரிகளை அன்றே அடித்துவிட்டு, அடித்ததையும் குறிப்பில் எழுதுங்கள்.