டிஸ்சார்ஜ் அட்டையில் ஆறு எழுத்துகள்

2013ஆம் ஆண்டு என் மூத்த மகன் பிறந்தபோது மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையின் கடைசி வரியில் பி.பி.ஐ.யூ.சி.டி. என்று ஆறு ஆங்கில எழுத்துகள் எழுதப்பட்டிருந்தன. குழந்தையின் எடை, பிறந்த நேரம், போட்ட தடுப்பூசி என்று மற்ற எல்லாவற்றையும் நானும் என் அம்மாவும் பலமுறை படித்தோம்; பிறந்த நேரத்தை மட்டும் ஜாதகம் எழுதுகிறவருக்காகத் தனித் துண்டுத்தாளில் குறித்தும் வைத்துக்கொண்டோம். அந்த ஆறு எழுத்துகள் மருத்துவர்களுக்கு உரியவை என்று விட்டுவிட்டோம். ஐந்து மாதம் கழித்து மாதவிலக்கு திரும்பி வந்து, பன்னிரண்டு நாளாகியும் உதிரம் நிற்காமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போனபோதுதான், அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காப்பர் டி போட்டிருக்குதுங்களே அம்மணி, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. பிரசவ வலியின் நடுவில் யாரோ எதையோ கேட்டிருக்கலாம், நானும் தலையை ஆட்டியிருக்கலாம். அதை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன். நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ அந்தக் கருத்தடைக் கருவியைக் கருப்பைக்குள் வைத்துவிடலாம் என்பது மருத்துவ முறைப்படி சரியே. ஆனால் அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியது ஏழாம் மாதத்துப் பரிசோதனையின்போது. மாதந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுத்தபோது அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும்.

காப்பர் டி மீது எனக்குக் கோபம் கிடையாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் 380ஏ என்ற வகை பத்து ஆண்டுகளுக்குப் பலன் தரும். 375 என்ற வகை ஐந்து ஆண்டுகளுக்கு. அதிலிருந்து கசியும் செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது. அதில் ஹார்மோன் எதுவும் இல்லை. வேண்டாம் என்றால் நூலைப் பிடித்து இழுத்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை உதிரப்போக்கும் வயிற்று வலியும் கூடுதலாக இருக்கும், பெரும்பாலோருக்குப் பிறகு குறைந்துவிடும் என்ற இந்த ஒரே வாக்கியத்தை எனக்கு யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால், நான் அதை வைத்துக்கொண்டிருப்பேன் என்றே இன்றும் நினைக்கிறேன். சொல்லாததால் அது எனக்கு நோயாகத் தெரிந்தது. "அது மேல ஏறி நெஞ்சுல குத்தீரும்" என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையும் நம்பினேன். கருப்பை மூடிய பை போன்றது என்பதும், அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரமே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான். நம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொரு கருத்தடை முறையையும் "எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்லிக் கைவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது மருந்தோ கருவியோ இல்லை. என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாமல் விட்டதால் வந்த பயம்தான்.

அப்போது நாங்கள் திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். அவரும் காப்பர் டியை எடுத்துவிட்டவர்தான். ஆனால் அவருடைய காரணம் மருத்துவப் புத்தகம் எதிலும் இருக்காது: அவர் கம்பெனியில் கழிப்பறைக்குப் போவதென்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும், அதுவும் ஷிப்டுக்கு இரண்டு முறைதான். உதிரப்போக்கு கூடுதலாக உள்ள ஒரு பெண் அங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்ப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். எந்த முறை ஒத்துக்கொள்ளும் என்பதை உடம்பு மட்டும் முடிவு செய்வதில்லை. வேலை செய்யும் இடமும், வீட்டில் கதவு போட்ட குளியலறை இருக்கிறதா என்பதும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

சில ஆண்டுகள் கழித்து அந்த அக்கா அந்தரா ஊசிக்கு மாறினார். 2017இல் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட இந்த ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது. மாமியாருக்கோ கணவருக்கோ தெரியவேண்டியதில்லை. முதலில் சொட்டுச் சொட்டாகக் கறை பட்டதில் தீட்டுக் கணக்குக் குழம்பி, ஒரே மாதத்தில் நான்கு வெள்ளிக்கிழமையும் அவர் கோயிலுக்குப் போகாமல் இருந்ததும் உண்டு. பிறகு மாதவிலக்கே நின்றுபோனது. கெட்ட இரத்தம் உள்ளேயே தேங்குகிறது என்று அவரைப் பயமுறுத்தினார்கள். அப்படி எதுவும் தேங்குவதில்லை; கருப்பையின் உட்சுவர் தடித்து வளராததால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஊசியை நிறுத்திய பிறகு ஓராண்டு போலக் காத்திருக்க நேர்ந்தபோது அவர் உண்மையிலேயே ஒடிந்துபோனார். கடைசி ஊசிக்குப் பிறகு கரு தங்கும் திறன் திரும்ப ஏழு முதல் பத்து மாதம் வரை ஆகலாம் என்பது ஊசி போடுகிற ஒவ்வொருவரும் அறிந்த செய்தி. அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

என் கதைக்கு வருகிறேன். காப்பர் டியை எடுத்த பிறகு மாலா டி மாத்திரைக்கு வந்தேன். மகனுக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் அதைத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் தாய்ப்பால் குறையலாம் என்று சொன்ன மருந்துக் கடைக்காரர் ஒருவர் மட்டுமே அந்த ஆண்டுகளில் எனக்கு முன்கூட்டியே எதையாவது சொன்னவர். அட்டையில் 28 மாத்திரைகள். 21 கருத்தடைக்கு, மீதி ஏழும் இரும்புச்சத்து. காலையில் தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழிக்கும் கையோடு மாத்திரையையும் விழுங்குவது என்று பழகிக்கொண்டேன். ஊருக்குப் போன நாட்களில் நாள்காட்டியும் இருக்காது, மாத்திரையும் மறந்துவிடும். கோபியில் உறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினால் அந்த மாதக் கணக்கே குலைந்துபோகும். அதையாவது சமாளித்துவிடலாம். இரண்டாம் ஆண்டில், கண்ணுக்கு முன்னால் மின்னல் கோடுகள் வளைந்து நெளிந்து தோன்றி, அரை மணி நேரத்தில் தலையின் ஒரு பக்கம் பிளப்பது போன்ற வலி வரத் தொடங்கியது. கண்ணில் மின்னலோடு வருகிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது, பக்கவாதம் வரும் ஆபத்து கூடும் என்று கூறி மருத்துவர் அன்றே நிறுத்தச் சொன்னார். நிறுத்தச் சொன்னவர் அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு நாள் கணக்குப் பார்த்தோம். 2017இல் மகள் பிறந்தாள். அவள் இல்லாத வீட்டை இன்று என்னால் நினைக்கவே முடியாது. ஆனாலும் அவளை நாங்கள் திட்டமிடவில்லை என்பதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

அந்தப் பிரசவத்துக்கு நான் மருத்துவமனைக்குப் போகும்போதே மாமியார், "ரெண்டும் ஆச்சு, கையோட ஆபரேசனும் பண்ணீட்டு வந்தர்லாம் கண்ணு" என்று சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு, 24 வயதில், பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்த ஒரு முகாமில் அவருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்திருக்கிறார்கள், மாலையில் வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார்களாம், நான்காம் நாள் அவர் எருமையில் பால் கறந்திருக்கிறார். அவர் தலைமுறைக்கு இருந்தது அந்த ஒரே வழிதான். என் தங்கையும் இரண்டாவது சிசேரியனின்போது தானாகக் கேட்டு அதைச் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கிறாள். வேண்டும் என்று தெளிந்து கேட்கிறவளுக்கு அது நல்ல முறை. எனக்கு அப்போது அந்தத் தெளிவு இல்லை. அரசின் விதிப்படி கணவரின் சம்மதம் தேவையே இல்லாத அந்த அறுவைக்கு என் கையெழுத்தைவிட அவர் கையெழுத்தைத்தான் எல்லோரும் முதலில் தேடினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அதன்பின் எனக்குப் பொருந்தியது சாயா மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டறியப்பட்டு, 1991 முதல் சகேலி என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அதே மருந்துதான், அரசு இலவசமாகக் கொடுக்கும்போது சாயா. ஹார்மோன் இல்லாதது, பால் கொடுப்பவரும் சாப்பிடலாம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. எனக்கு ஞாயிறும் புதனும் என்று வந்தது. ஞாயிறு எங்கள் ஊர்ச் சந்தை நாள் என்பதால், சந்தைப் பையைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போதே மாத்திரை நினைவுக்கு வந்துவிடும். மாதவிலக்கு தள்ளிப்போகும் என்று இம்முறை செவிலியர் முன்னதாகவே சொல்லியிருந்ததால், நாற்பது நாள் ஆனபோதும் நான் பதறவில்லை. ஒரே ஒரு முறை, பயத்தைப் போக்கிக்கொள்ள, சிறுநீர் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தேன்.

2020இன் தொடக்கத்தில், நான் கேட்காமலே என் வீட்டுக்காரர், "நான் பண்ணிக்கட்டுமா?" என்றார். என் தலைவலியையும் அட்டை அட்டையாக மாத்திரையையும் ஏழு ஆண்டுகளாகப் பார்த்தவர் அவர். தழும்பு இல்லாத ஆண் கருத்தடைக்கு அவர் மருத்துவமனையில் இருந்தது மொத்தம் அரை நாள். மரத்துப்போகும் ஊசி போட்டு, தையல் இல்லாமல், அரை மணி நேரத்துக்குள் முடித்து அன்றே அனுப்பிவிட்டார்கள். உடனே பலன் வராது, மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்திவிட்டு, விந்துப் பரிசோதனை செய்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதை எழுதியும் கொடுத்தார்கள். அவர் அம்மாவிடம் மட்டும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். மாமியார் ஒரு வாரம் மகனைத் தண்ணீர்க் குடம் தூக்க விடவில்லை. நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தார். நான்காம் நாள் பால் கறந்தவரின் கையால் அந்தக் குழம்பை வாங்கிச் சாப்பிட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையையும் அடைத்தது.

ஓராண்டுக்குப் பிறகு உண்மை தெரிந்தபோது அவர் கேட்டது இதுதான்: "அவனென்ன காளையா, காயடிச்சு உடறதுக்கு?" காங்கேயம் மாடு வளர்க்கிற ஊரில் இந்தக் கேள்வி எல்லோருடைய மனத்திலும் இருக்கிறது, ஆண்கள் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான். காயடிக்கும்போது காளையின் விதையே செயலிழக்கிறது. அதனால் அதன் திமிரும் அடங்குகிறது. இதில் விதையை யாரும் தொடுவதில்லை. விந்தணு வரும் குழாயை மட்டும் துண்டிக்கிறார்கள். ஆண்மைக்கான ஹார்மோன் எப்போதும்போல இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. இதை மாமியாருக்கு நான் விளக்கவில்லை. மகனே தொழுவத்தில் நின்று விளக்கினார்.

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண் அறுவையை நம்பியிருப்பவர்கள் 0.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு பாதிக்கும் மேல். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் ஆண்களைப் பிடித்துப்போய் அறுவை செய்த கொடுமைக்குப் பிறகு ஆண்கள் பக்கம் திரும்பவே அரசுகள் அஞ்சின. மொத்தச் சுமையும் பெண்கள் தலையில் இறங்கியது. ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடி அரசு இதழில் பெரியார் 1930வாக்கிலேயே கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது, நாட்டின் வறுமையையும் குடும்பச் சொத்தையும் முன்வைத்துப் பிறர் பேசுவதைச் சுட்டிக்காட்டி, பெண்ணின் விடுதலைக்காகவே தாம் அதை வேண்டுவதாகச் சொன்னார். கொங்கு நாட்டில் நாம் குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டோம். தோட்டம் துண்டாகாமல் இருக்க ஒரு பிள்ளையோடு நிறுத்திய வீடுகள் என் உறவிலேயே பல. ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக நிறுத்திய வீடு எது என்று கேட்டால் என்னால் விரல் நீட்ட முடியவில்லை.

அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய அதை மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்று 2005இலேயே நடுவண் அரசு அனுமதித்தது. இருந்தும் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அது பெரும்பாலும் கிடைப்பதில்லை, கேட்கும் பெண்ணை மேலும் கீழும் பார்க்கும் பார்வைதான் கிடைக்கிறது.

சென்ற மாதம் என் அண்ணன் மகளை ஏழாம் மாதப் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். எடை, இரத்த அழுத்தம் எல்லாம் பார்த்து முடிந்ததும் அவள், "பிரசவத்துக்கப்புறம் என்னென்ன முறை இருக்குதுங்க?" என்று கேட்டாள். செவிலியர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்துத் தூசியைத் துடைத்து வைத்தார். அதில் காப்பர் டி, சாயா அட்டை, அந்தரா ஊசிக் குப்பி, ஆணுறை எல்லாம் இருந்தன. காப்பர் டியை அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இவ்வளவுதானா அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். விரல் நீளம்கூட இல்லாத அதை நானும் அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன். எனக்குள் இருந்ததை எடுத்தபோது யாரும் காட்டவில்லை.

"வீட்டுக்காரரு வந்திருக்காருங்களா?" என்று செவிலியர் கேட்டார். வண்டியில் சாய்ந்தபடி வேப்பமரத்தடியில் போன் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையை நான் போய்க் கூப்பிட்டேன். இது பெண்கள் சமாச்சாரம் அல்லவா என்று தயங்கினார். நாற்காலி காலியாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் மாப்பிள்ளை என்றேன்.