எலிப்டிக்கலில் தினமும் ஒரே வேகம் போதாது

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில், காலை நடையை ஆண்டு முழுவதும் தடையின்றித் தொடர்வது எளிதல்ல. அதனால் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நடுவயதைத் தாண்டிய பலர் ஜிம்முக்கு வருகிறார்கள். முட்டு வலிக்குப் பயந்து ட்ரெட்மில்லைத் தவிர்த்து, நின்றபடியே பெடல்களை நீள்வட்டமாக மிதிக்கும் இயந்திரமான எலிப்டிக்கலில் ஏறுகிறார்கள். நல்ல தேர்வுதான். பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை என்பதால், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டில் இறங்கும் அதிர்வு இதில் மிகக் குறைவு.

ஆனால் ஏறியபின் பெரும்பாலோர் ரெசிஸ்டன்ஸை, அதாவது பெடலின் இறுக்கத்தை, மூன்றில் வைத்து, அசையாத கம்பியில் உடல் பாரத்தைச் சாய்த்து, எதிரே இருக்கும் டிவியைப் பார்த்தபடி அரை மணி நேரத்தைக் கடத்திவிட்டு இறங்குகிறார்கள். மாதங்கள் போனாலும் அதே மூன்று, அதே அரை மணி. பழகிப்போன வேலையால் உடலின் திறன் மேலும் கூடுவதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு நடப்பவருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் தணியும். அந்த மேடுபள்ளத்தை இயந்திரத்திலும் நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். முதல் 5 நிமிடம் இலேசாக மிதியுங்கள். பிறகு 1 நிமிடம், நாலு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச முடியாத அளவுக்கு ரெசிஸ்டன்ஸைக் கூட்டுங்கள். அடுத்த 2 நிமிடம், சரளமாகப் பேச முடிகிற நிலைக்குக் குறையுங்கள். இதை 6 முறை செய்து, கடைசி 5 நிமிடம் தணித்தால் மொத்தம் 28 நிமிடம். அளவு எண்கள் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் என்பதால், எண்ணைவிட மூச்சையே நம்புவது நல்லது.

மறுநாள் வேறு விதமாகச் செய்யலாம். பின்னோக்கி மிதித்தால் தொடையின் முன்தசைக்கு வேலை கூடும். முதுகை நிமிர்த்தி, குறைந்த ரெசிஸ்டன்ஸில் தொடங்க வேண்டும், முட்டில் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். சரிவைக் கூட்டும் வசதி இருந்தால் பிட்டத் தசையும் பின்தொடையும் கூடுதலாக உழைக்கும். அசையும் கைப்பிடிகளை ஒரு நிமிடம் தள்ளுவதில் கவனம் வைத்தால் மார்புக்கும், அடுத்த நிமிடம் இழுப்பதில் வைத்தால் முதுகுக்கும் பயிற்சி கிடைக்கும். கால்விரல்கள் மரத்துப்போனால் பாரம் முழுவதும் முன்பாதத்தில் நிற்பது காரணமாக இருக்கலாம். குதிகாலுக்கு மாற்றுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

திரையில் தெரியும் கலோரிக் கணக்கை நம்பி உணவைக் கூட்ட வேண்டாம். அது தோராயமானது, பல நேரங்களில் மிகையானது.

உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிர உழைப்பைப் பரிந்துரைப்பதோடு, வாரத்தில் குறைந்தது 2 நாள் தசை வலுவுக்கான பயிற்சியையும் கேட்கிறது. ஆகவே எலிப்டிக்கல் மட்டும் போதாது. எடை தூக்கத் தயங்குபவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியிலிருந்தாவது தொடங்கலாம். இதய நோய் உள்ளவர்களும், சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் தீவிரத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜிம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயதான அம்மாக்களையும் அண்ணாச்சிகளையும் எலிப்டிக்கலில் ஏற்றிவிட்டு, டிரெயினர் எடை தூக்கும் இளைஞர்கள் பக்கம் போய்விட வேண்டாம். முதல் வாரத்திலேயே பத்து நிமிடம் உடன் நின்று, ரெசிஸ்டன்ஸை எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.