அது சூனிய பொம்மை அல்ல

ஒரு கட்டுரையில், மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மக்களுடைய ‘இன்கிசி இன்கொண்டி’ என்னும் ஆணிகள் அடித்த மரச் சிலையைச் சூனிய பொம்மை என்று எழுதியிருப்பது பெரிய தவறு. எதிரியைக் குத்த அடித்த ஆணிகள் அல்ல அவை. ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தம், ஒரு சத்தியம், ஒரு வழக்கு. சம்பந்தப்பட்டவர் இரும்பை நாக்கால் நக்கியபின் அடிப்பார்கள். எச்சில் பட்டால்தான் வாக்கு அவரைக் கட்டும். எந்த ஆணி எந்த வழக்கு என்று தெரிய அதில் துணியோ நூலோ முடிவதும் உண்டு.

சிற்பி செதுக்கித் தருவது வெறும் மரம்தான். கல்லறை மண், வெள்ளைக் களிமண், விதைகள் போன்ற, ‘பிலொங்கோ’ எனப்படும் மருந்துப் பொருள்களை ‘இங்கங்கா’ என்னும் சடங்கு வல்லுநர் வயிற்றுப் பொந்தில் அடைத்து, பிசின் பூசி, பெரும்பாலும் கண்ணாடி பதித்து மூடிய பிறகே அதற்குச் சக்தி. அந்தப் பொருள்களை எடுத்துவிட்டால் சிலை செயலிழந்துவிடும். அருங்காட்சியகத்தில் வயிறு காலியாக நிற்கும் உருவத்தைப் பார்த்தால் இதை நினைவில் வையுங்கள்.